தாமிரபரணிக் கரையில் வெள்ள அபாயத்தைக் கணக்கிடுவது எப்படி: காரையாறு அணை முதல் வீட்டு வாசல் வரை

ஐப்பசி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமையில் காலைப் பேப்பரை விரித்ததும் கண் முதலில் போவது அணை நிலவரப் பெட்டிக்குத்தான். பாபநாசம் 143 அடியில் இவ்வளவு, சேர்வலாறு 156 அடியில் இவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் இவ்வளவு. பக்கத்தில் வரத்து, வெளியேற்றம். "இன்னும் பத்தடி பாக்கி கிடக்கே, பயமில்லை" என்று பேப்பரை மடித்து வைப்பவர்கள் ஏராளம்.

அந்தப் பத்தடி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: அணைக்கு மேலே பெய்யும் மழையில் எவ்வளவைப் பிடித்து வைக்கலாம் என்பதற்கு. அணைக்குக் கீழே பெய்வதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. காயல்பட்டினம் இருப்பது கடற்கரையில். அந்த மழையில் ஒரு சொட்டுகூட எந்த அணைக்குள்ளும் போக வழியில்லை.

ஆகவே மலையில் பிறந்து, அணையில் தங்கி, சமவெளியில் ஓடும் ஓர் ஆற்றின் வெள்ள அபாயத்தை அளக்க நான்கு கேள்விகள் வேண்டும். எவ்வளவு தண்ணீர் வரும்? அதில் எவ்வளவு அணையில் நிற்கும்? மிச்சம் எப்போது வந்து சேரும்? வந்து சேரும்போது என் இடத்தில் எவ்வளவு உயரம் நிற்கும்? கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன. ஊராட்சிக்கோ, பள்ளிக்கோ, தோப்புக்கோ, ஆற்றோரம் வாங்க நினைக்கும் மனைக்கோ ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்ய இது போதும். பாலம் கட்டவும் அணை வடிவமைக்கவும் போதாது.

படி 1: ஆற்றைத் துண்டு போடுங்கள்

ஒரு வரைபடத்தை எடுத்து, உங்கள் இடத்துக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பை மூன்று நிறத்தில் பிரியுங்கள். முதல் நிறம், அணைக்கு மேலே உள்ள மலை. இரண்டாவது, அணைக்குக் கீழே ஆற்றில் நேரடியாகச் சேரும் துணையாறுகளும் காட்டாறுகளும். மூன்றாவது, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள குளங்கள், ஓடைகள், வாய்க்கால்கள்.

தாமிரபரணியில் முதல் நிறத்தில் வருபவை பாபநாசம் அணை (ஊர்க்காரர்களுக்கு அது காரையாறு அணை), சேர்வலாறு, மணிமுத்தாறு. காரையாறும் சேர்வலாறும் சுரங்கப் பாதையால் இணைந்தவை. அதனால் ஒன்றில் இடமிருக்கிறது, மற்றது நிரம்பிவிட்டது என்று தனித்தனியாகப் பேசுவதில் அர்த்தம் குறைவு. இவற்றுக்குக் கீழே உள்ள பாபநாசம் கீழணையை வெள்ளம் தாங்கும் அணையாக எண்ணக் கூடாது. அங்கே அதற்கான கொள்ளளவு கிடையாது.

இரண்டாவது நிறம்தான் எப்போதும் குறைத்து மதிப்பிடப்படுகிறது. திருப்புடைமருதூரில் கடனாநதி, தருவை அருகே பச்சையாறு, சீவலப்பேரியில் சிற்றாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. கடனாநதி, ராமநதி, வடக்குப் பச்சையாறு, குண்டாறு, அடவிநயினார் என்று அவற்றிலும் அணைகள் உண்டுதான். எல்லாம் சிறியவை, பெருமழையில் சில மணி நேரத்தில் நிரம்பி, வந்ததை அப்படியே விட்டுவிடும். கணக்குக்கு அவை ஏற்கெனவே நிரம்பியிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடம் எந்தச் சங்கமத்துக்கு மேலே, எதற்குக் கீழே என்பதை முதலில் எழுதி வையுங்கள். கல்லிடைக்குறிச்சிக்காரர் சிற்றாற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்குச் சிற்றாறுதான் பாதிக் கவலை.

நீர்ப்பிடிப்புப் பரப்பை அளக்க க்யூ-ஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் உயர வரைபடமோ 30 மீட்டர் எஸ்.ஆர்.டி.எம். (விண்கல ரேடார் அளந்த உயர) தரவோ போதும். மலைப்பகுதியில் இவை நன்றாகவே எல்லை பிரிக்கும். சமவெளியில் ஏமாற்றும். பெரிய வாய்க்கால் கரையும் ரயில் மேடும் தண்ணீரைத் திருப்பிவிடுவது 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. சமவெளியில் வரைந்த எல்லையை மழை நாளில் நடந்து பார்த்துத் திருத்துங்கள்.

படி 2: மழையைத் தண்ணீராக மாற்றுங்கள்

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் சில:

1 ச.கி.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை = 1,000 கன மீட்டர்.
1 கன மீட்டர்/வினாடி = 35.3 கனஅடி/வினாடி.
1 டி.எம்.சி. (நூறு கோடி கனஅடி) = 2.83 கோடி கன மீட்டர்.
வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி.

இனி ஒரு கணக்கு. அணைக்கு மேலே 150 ச.கி.மீ. மலை என்று வைப்போம். மாஞ்சோலைப் பக்கம் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி எஸ்டேட்டுகளில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஒரே நாளில் 30 செ.மீ. பெய்வது அதிசயமில்லை. ஏற்கெனவே ஒரு வாரம் நனைந்து ஊறிய மலையில் பெய்வதில் 60 முதல் 80 சதவீதம் ஓடி வரும். காய்ந்த மலையில் 20 முதல் 40. ஊறிய மலைக்கு 70 சதவீதம் எடுத்தால்:

150 × 300 × 1,000 × 0.7 = 3.15 கோடி கன மீட்டர். அதாவது 1.1 டி.எம்.சி.

இதை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பங்கிட்டால் வினாடிக்கு 12,900 கனஅடி வருகிறது (இனி வரத்து, வெளியேற்றம், ஓட்டம் எல்லாம் வினாடிக் கணக்குதான்). இங்கேதான் முதல் தவறு நடக்கும். மழை சமமாகப் பெய்வதில்லை. நான்கைந்து மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்ச நேரம் தூறும். மலை ஆற்றில் உச்ச வரத்து, நாள் சராசரியைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆக உச்சம் 32,000 முதல் 38,000 கனஅடி.

அடுத்து, அணைக்குக் கீழே உள்ள சமவெளி. 1,000 ச.கி.மீ. பரப்பில் அதே 30 செ.மீ. பெய்து, வயலும் குளமும் போகப் பாதி ஓடி வந்தால் 15 கோடி கன மீட்டர், 5.3 டி.எம்.சி. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவே 5.5 டி.எம்.சி.தான். அணை நிரம்பாமலே ஒரு முழு அணைத் தண்ணீர் ஆற்றில் இறங்குவது இப்படித்தான்.

சிறிய ஓடைகளுக்கு, 25 ச.கி.மீ. வரை, எளிய சூத்திரம் ஒன்று உண்டு. உச்ச ஓட்டம் (கன மீட்டர்/வினாடி) = 0.278 × ஓட்ட விகிதம் (பெய்ததில் ஓடி வரும் பங்கு) × மழைச் செறிவு (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ச.கி.மீ.). பெரிய பரப்புக்குச் சரிபார்க்க, சென்னை மாகாணத்துக்கென்றே 1884-ல் ரைவ்ஸ் கொடுத்த சூத்திரம் இன்றும் பொறியாளர்கள் கையில் இருக்கிறது: பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்குவது. கடற்கரைப் பகுதிக்குக் கெழு 6.8, மலையடிவாரத்துக்கு 10.2 வரை. 500 ச.கி.மீ.க்கு 10.2 வைத்தால் சுமார் 640 கன மீட்டர், அதாவது 22,700 கனஅடி. இதை மேல் எல்லையாக நம்பிவிடாதீர்கள். மழையின் அளவே இல்லாத சூத்திரம் அது. உங்கள் விடை இதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ தப்பு என்று எச்சரிக்க மட்டும் பயன்படும்.

மழைப் பதிவு எடுக்கும்போது தேதியில் கவனம் வேண்டும். வானிலைத் துறையில் 18-ஆம் தேதி மழை என்றால் 17 காலை 8.30 முதல் 18 காலை 8.30 வரை. ஆற்று மட்டப் பதிவையும் மழைப் பதிவையும் தேதி மட்டும் பார்த்து ஒட்டினால், மழைக்கு முன்பே வெள்ளம் வந்த மாதிரி ஒரு படம் கிடைக்கும். வானிலை அறிக்கையின் சொற்களுக்கும் அளவு உண்டு: கனமழை 64.5 மி.மீ. முதல், மிக கனமழை 115.6 முதல், அதி கனமழை 204.4-க்கு மேல். சிவப்பு எச்சரிக்கை என்பது 21 செ.மீ.க்கும் பொருந்தும், 95 செ.மீ.க்கும் பொருந்தும். நிறத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாததற்கு இதுவே காரணம்.

படி 3: அணையில் காலி இடம் எவ்வளவு?

அடியைப் பார்க்காதீர்கள், மில்லியன் கனஅடியைப் பாருங்கள். அணை கிண்ணம் போல மேலே போகப்போக அகலும். அடியில் உள்ள பத்து அடியைவிட மேலே உள்ள பத்து அடி பல மடங்கு கொள்ளும். பேப்பரில் பல நாள் உயரத்தோடு இருப்பும் வரும். முழுக் கொள்ளளவிலிருந்து அதைக் கழித்தால் காலி இடம். பாபநாசத்துக்கு முழு அளவு 5,500 மில்லியன் கனஅடி, மணிமுத்தாறுக்கு 5,511.

காலி இடம் 500 மில்லியன் கனஅடி என்று வையுங்கள். மேலே கண்ட சராசரி வரத்து 12,900 கனஅடி என்றால், மணிக்கு 46 மில்லியன் கனஅடி. நிரம்ப 11 மணி நேரம். அதே இடம் உச்ச வரத்தான 35,000 கனஅடியில் மணிக்கு 126 வீதம் 4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். "காலையில் பார்த்தேன், இடமிருந்தது, ராத்திரி ஷட்டரைத் திறந்துவிட்டார்கள்" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தப் பதினொன்றுக்கும் நாலுக்கும் உள்ள இடைவெளிதான்.

இதில் வண்டலையும் கழிக்க வேண்டும். 1940-களில் வந்த அணை பாபநாசம். மணிமுத்தாறு 1950-களின் கடைசியில் வந்தது. அடியில் படிந்த மண் போக உண்மைக் கொள்ளளவு ஏட்டில் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும். கடைசியாக எப்போது மறு அளவீடு செய்தார்கள் என்று நீர்வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதே மனுவில் கொள்ளளவு அட்டவணை, மதகு இயக்க விதிகள், ஷட்டர் எண்ணிக்கை, முழுதாகத் திறந்தால் வெளியேறும் கனஅடி, கடந்த ஆண்டுகளின் மணிவாரி வரத்து, வெளியேற்றம் எல்லாவற்றையும் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அணை உரிமையாளர் அவசரகாலச் செயல்திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கீழ்ப்பகுதியில் எந்த ஊர் எத்தனை மணி நேரத்தில் மூழ்கும் என்ற வரைபடம் அதில்தான் இருக்க வேண்டும்.

அணை தாங்குமா என்ற அச்சம் தனிக் கேள்வி. 60 மில்லியன் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவோ 30 மீட்டருக்கு மேல் நீர் உயரமோ உள்ள பெரிய அணைகளின் உபரிநீர்ப் போக்கி, அந்த மலையில் பெய்யச் சாத்தியமான உச்சபட்ச மழை வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பது ஐ.எஸ். 11223 என்ற இந்தியத் தர விதி. பாபநாசம் 156 மில்லியன் கன மீட்டர். அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் கரையோரக் குடும்பத்துக்கு அணை உடைவதைவிட, உடையாத அணை விதிப்படி திறக்கப்படுவதே அடிக்கடி வரும் ஆபத்து. மதிப்பீட்டில் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

இன்னொன்று: இந்த ஆற்றில் ஒரு பிணக்கு உள்ளது. பிசான (பின்பருவ நெல்) சாகுபடிக்கு அணை நிறைய வேண்டும். வெள்ளத்துக்கு அணையில் இடம் வேண்டும். டிசம்பர் பாதி தாண்டினால் "பருவம் முடியப் போகுது, இருக்கிற தண்ணியை விடாதீங்க" என்ற குரல் ஓங்கும். 2023-ன் பெருமழை வந்தது டிசம்பர் 17, 18-ல். 2021-ல் பொங்கலை ஒட்டியே ஆற்றில் வெள்ளம் வந்தது. எனவே காலி இடம் மிகக் குறைவாக இருக்கும் வாரமும் பெருமழை வாய்ப்புள்ள வாரமும் இங்கே ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. உங்கள் மதிப்பீட்டில் "அணை 95 சதவீதம், மலையில் 30 செ.மீ." என்ற நிலை கட்டாயம் இருக்க வேண்டும். அணை பாதியாக இருக்கும் அக்டோபர் கணக்கை மட்டும் போட்டுவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

படி 4: எப்போது வந்து சேரும்?

மலையில் பெய்தது அணைக்கு எவ்வளவு நேரத்தில் வரும் என்பதற்குக் கிர்பிச் சூத்திரம்: நிமிடங்கள் = 0.0195 × (நீளம் மீட்டரில்)-ன் 0.77 அடுக்கு ÷ (சரிவு)-ன் 0.385 அடுக்கு. 20 கி.மீ. நீளத்தில் 1,000 மீட்டர் இறங்கும் ஓடைக்கு விடை 127 நிமிடம். இரண்டு மணி நேரம்! அருவியில் குளித்துக்கொண்டிருப்பவருக்கு மேலே மழை பெய்வது தெரியாமலே தண்ணீர் வருவது இதனால்தான். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவது, இலை தழை மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் சில நிமிடம்தான் அவகாசம்.

அணைக்குக் கீழே வேறு கணக்கு. வெள்ள அலை, தண்ணீரின் சராசரி வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் முன்னேறும். ஆறு வினாடிக்கு 2 மீட்டர் ஓடினால் அலை 3 மீட்டர், மணிக்கு 10.8 கி.மீ. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி சாலை வழி ஏறத்தாழ 50 கி.மீ.; வளைவுகளோடு ஆற்று வழியை 60 என்று வைத்தால் ஐந்தரை மணி நேரம். கரை வழிந்து வயலில் பரவிவிட்டால் அலை மெதுவாகும், எட்டு மணி நேரம்கூட ஆகலாம். மதிப்பீட்டில் குறைந்த நேரத்தை எழுதுங்கள். தப்பித்துப் போக அதுதான் கணக்கு.

இந்த நேரங்களை ஒரே தாளில் மணிவாரியாக வரையுங்கள். காரையாறு வெளியேற்றம் 40,000 கனஅடி, கீழ்த் துணையாறுகளின் உச்சம் 30,000 என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் 70,000. ஆறு மணி நேரம் தள்ளி வந்தால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கிக்கொண்டிருக்கும். மொத்தம் 50,000-ஐச் சுற்றி நிற்கலாம். மழைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதன் முழுப் பயனும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

படி 5: என் இடத்தில் எவ்வளவு உயரம்?

கனஅடியை வைத்து யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. அடி வேண்டும். இந்தப் படிக்கு வேர்வை சிந்தாமல் முடியாது.

*குறுக்குவெட்டு.* கோடையில், ஆறு வற்றிக் கிடக்கும்போது, உங்கள் இடத்துக்கு நேராக ஆற்றின் குறுக்கே ஒரு கோடு. 5 மீட்டருக்கு ஒரு தடவை தரை உயரத்தை அளங்கள். சரிவு மாறும் இடத்திலும், கசத்திலும் (ஆழமான மடுவிலும்), கரை உச்சியிலும் கூடுதலாக ஒரு அளவு. கரையோடு நிறுத்தாமல் இருபுறமும் வெள்ளம் போன தூரம் வரை போக வேண்டும். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் கொத்தனார் டியூப் மட்டமே போதும்: 15 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர், இரு முனையிலும் அளவுக் கோல். குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவு பிசகும். ஒவ்வொரு முறையும் இரு முனைகளையும் அருகருகே பிடித்து மட்டம் ஒன்றாக நிற்கிறதா பாருங்கள். கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அதன் பிழை, நீங்கள் தேடும் வெள்ளத்தைவிடப் பெரியது.

உயரங்களை எல்லாம் ஒரே அடிப்படையில் சேர்க்க, இந்திய நில அளவைத் துறையின் உயரக் குறி அருகில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரம் ஒரு தோராயத் துணை.

*வெள்ளக் குறிகள்.* 1992 நவம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களின் தடம் இன்னும் பல சுவர்களில் இருக்கிறது. சேற்றுக் கறையின் மேல் விளிம்பை அளங்கள். வீட்டுக்குள் உள்ள கறை சிறந்தது. அலையடிக்காத தண்ணீர் விட்ட கோடு அது. மரக்கிளையில் சிக்கிய சருகை நம்ப வேண்டாம்: ஓட்டத்தில் வளைந்த கிளை, தண்ணீர் வடிந்ததும் நிமிர்ந்து சருகை மேலே தூக்கியிருக்கும். பாலத் தூணின் முகப்பில் உள்ள குறியும் மிகைதான். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதும் தண்ணீர் அங்கே 45 செ.மீ. வரை எகிறி நிற்கும். 500 மீட்டர் நீளத்தில் இரு கரையிலும் குறைந்தது ஐந்து குறிகள் எடுத்தால் வெள்ளத்தின் சரிவும் கிடைத்துவிடும்.

நெல்லைக்காரர்களுக்குக் குறுக்குத்துறை முருகன் கோவில் ஒரு நிரந்தர அளவுகோல். மண்டபம் வரை வந்ததா, கோபுரம் மட்டும் தெரிந்ததா என்பது ஊருக்கே புரியும் அளவு. உற்சவரை மேலக்கோவிலுக்கு எழுந்தருளச் செய்த தேதிகளைக் கேட்டு, அன்றைய அணை வெளியேற்றத்தோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் சூத்திரத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல ஆதாரம் எளிதில் கிடைக்காது.

*ஓட்டக் கணக்கு.* மேனிங் சமன்பாடு: வேகம் = (நீரின் குறுக்குவெட்டுப் பரப்பு ÷ நனையும் சுற்றளவு)-ன் மூன்றில் இரண்டு அடுக்கு × சரிவின் வர்க்கமூலம் ÷ உராய்வுக் கெழு. 120 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், 1,500-க்கு 1 சரிவு, சுத்தமான மணலாற்றுக்குக் கெழு 0.035 என்றால் வேகம் 1.78 மீட்டர், ஓட்டம் 855 கன மீட்டர். ஏறத்தாழ 30,000 கனஅடி.

அதே ஆற்றில் அமலைச் செடியும் நாணலும் சீமைக்கருவேலமும் அடைத்துக் கிடந்தால் கெழு 0.07 ஆகிவிடும். அதே 4 மீட்டர் ஆழத்தில் இப்போது 15,000 கனஅடிதான் போகும். 30,000 கனஅடியும் போயாக வேண்டுமென்றால் ஆழம் 6 மீட்டருக்கு ஏறும். கூடுதலாக ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலே இரண்டு மீட்டர் உயர்வு! பழைய வெள்ளக் குறியை மட்டும் நம்பி வீடு கட்டியவர்கள் ஏமாறுவது இங்கே. அந்தக் குறி அன்றைய ஆற்றுக்கு உரியது. மணல் அள்ளிய இடங்களில் இதற்கு நேர்மாறாகக் குழி விழுந்து ஆழம் கூடியிருக்கும். ஆனால் கரையின் அடி அரிக்கப்பட்டிருப்பதால், வழிவதற்குப் பதில் கரையே சரியும். இரண்டையும் அளந்து தனித்தனியாக எழுதுங்கள்.

*தடைகள்.* தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் (வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பும் தாழ்ந்த தடுப்புகள்). வெள்ளத்தின்போது இவை தண்ணீரைத் தேக்குவதில்லை, ஆனால் மேலே சில நூறு மீட்டருக்கு மட்டத்தைத் தூக்கும். பாலங்களும் அப்படியே. பாலத்தின் அடிப்பலகை உயரத்தையும், தூண்களுக்கு இடையே மரமும் குப்பையும் சிக்கினால் எத்தனை கண் அடையும் என்பதையும் குறியுங்கள். பாதிக் கண் அடைந்ததாக ஒரு தனிக் கணக்கு அவசியம். அப்போது வெள்ளம் பாலத்தை விட்டுவிட்டு, அதன் அணுகுசாலையைத்தான் முதலில் அரிக்கும். ரயில் மேட்டிலும் இதே கதை: 2023-ல் ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கினார்கள்.

இத்தனையும் கையால் போட முடிந்தாலும், பத்துப் பதினைந்து குறுக்குவெட்டு சேர்ந்துவிட்டால் ஆற்று மட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளுக்கு மாறுங்கள். இலவசம். ஆனால் அளந்த குறுக்குவெட்டை விட்டுவிட்டுச் செயற்கைக்கோள் உயரத்தை மட்டும் ஊட்டினால், தென்னை உச்சியைத் தரை என்று எண்ணி அழகான வண்ணப்படம் ஒன்று தரும். அதைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

படி 6: குளங்களைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்

ஆற்று வெள்ளம் வராமலே ஊர் மூழ்கும் வழி இது. ஒரு குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் சங்கிலியில், மேல் குளம் உடைந்தால் கீழே உள்ளவை சீட்டுக்கட்டு போலச் சரியும். 2023-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன.

ஒவ்வொரு குளத்துக்கும் ஐந்து விஷயம் போதும்: கலிங்கின் (உபரிநீர் வழியும் கல்கட்டின்) நீளம், கலிங்குக்கும் கரை உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம், கரையில் தாழ்ந்த இடம், கசிவு, மறுகால் ஓடையின் இப்போதைய அகலம். கலிங்கில் மணல்மூட்டை அடுக்கிக் கூடுதல் தண்ணீர் தேக்கும் பழக்கம் இருந்தால் கொட்டை எழுத்தில் குறியுங்கள். வெள்ளத்தை விடத்தான் அந்த உயர வித்தியாசம். மூட்டை அடுக்கினால் அது காணாமல் போகிறது. மறுகால் ஓடை பட்டாவாகி வீடாகியிருந்தால், அந்தத் தெருதான் அடுத்த ஓடை.

படி 7: எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?

ஆண்டு உச்ச ஓட்டங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். ஆண்டுகளின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் திரும்பும் காலம். 30 ஆண்டுப் பதிவில் முதலிடம் = 31 ஆண்டு வெள்ளம். இதை வைத்து நூறாண்டு வெள்ளத்தைச் சொல்ல கம்பெல் என்ற புள்ளியியல் முறையில் நீட்டலாம், ஆனால் பிழை பெரிது. அணை வருவதற்கு முன் உள்ள பதிவையும் பின் உள்ளதையும் ஒரே பட்டியலில் கலக்கவே கூடாது. அவை இரண்டு வேறு ஆறுகள்.

நூறாண்டு வெள்ளம் என்றால் இனி நூறு ஆண்டுக்கு வராது என்று பொருளில்லை. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வர 26 சதவீதம். ஐம்பதாண்டு வெள்ளத்துக்கு 45 சதவீதம். கிட்டத்தட்டப் பூவா தலையா. அணை சிறிய வெள்ளங்களைத் தின்றுவிடுவதால் பத்து வருடம் ஆறு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் படித்துறைக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் எழுகிறது.

படி 8: முடிவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

நீண்ட அறிக்கையை மழை இரவில் யாரும் படிக்க மாட்டார்கள். வாசலில் ஒட்ட ஒரு தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை:

– வீட்டுத் தரையின் உயரம், ஆற்றங்கரையில் உள்ள ஒரு நிலையான அடையாளத்தோடு ஒப்பிட்டு. (உதாரணம்: படித்துறையின் மேல் படியைவிட 1.4 மீட்டர் உயரம்.)
– அணையிலிருந்து எத்தனை ஆயிரம் கனஅடி வந்தால் தெரு முனை, எத்தனை வந்தால் வாசல்.
– அணை திறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம்.
– அணை திறக்காமலே மூழ்கும் நிலை: எந்தக் குளம், எந்த ஓடை.
– வெளியேறும் வழியில் முதலில் மூழ்கும் தரைப்பாலம். பெரும்பாலும் வீட்டுக்கு முன்பே அது மூழ்கும். ஆகவே உண்மையான கடைசி நேரம் அந்தப் பாலத்துக்கு உரியதுதான்.
– மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

ஓடும் தண்ணீரின் ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். 0.4-ஐத் தாண்டினால் குழந்தைகளும் முதியவர்களும் நிற்க முடியாது. முழங்கால் அளவு, அரை மீட்டர் தண்ணீர், வேகம் 1 மீட்டர்: பெருக்கினால் 0.5. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். சிறிய காரை நகர்த்த 30 செ.மீ. ஓட்டமே போதும்.

தாளை ஆண்டுதோறும் புரட்டாசியில் திருத்த வேண்டும். கெழு, கரை, கலிங்கு மூன்றும் ஒரு வருடத்தில் மாறக்கூடியவை. வெள்ளம் ஒன்று வந்து போனால் காத்திருக்கவே கூடாது. வடிந்த முதல் இரண்டு நாளில், சுவரைக் கழுவுவதற்குள், கறையின் மேல் விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, கோட்டின் அருகே அளவு டேப்பைப் பிடித்தபடி ஒரு படம். தெருவுக்கு ஐந்து வீட்டில் இப்படிச் செய்துவிட்டால், அடுத்த முறை படி 5-ல் பாதி வேலை மிச்சம்.